பாரத்தில் கையெழுத்துப் போடுகிறவன்

ஒரு வீட்டில் மின்சார வேலை முடிந்ததும் இரண்டு பாரங்கள் எழுத வேண்டும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளில் அவற்றுக்கு ஜி, எச் என்று பெயர். மேற்பார்வை பார்த்து வேலையை முடித்ததற்கு ஜி. சோதித்துப் பார்த்ததற்கு எச். தகுதிச் சான்றிதழ் உள்ளவன் அவற்றில் பெயரும் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தெனாகா நேஷனல் இணைப்புக் கொடுக்கும். சுவரைக் கொத்தியவன், பைப் பதித்தவன், தகிக்கிற கூரைக்குக் கீழே தவழ்ந்து வயர் இழுத்தவன், இவர்கள் பெயர் எந்தப் பாரத்திலும் வராது.

1979லிருந்து 1988 வரை நான் அந்தப் பெயர் வராதவர்களில் ஒருவன். 1994லிருந்து 2020 வரை கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வருஷப் படிப்பு. வயர் இழுக்கிறவனைக் கையெழுத்துப் போடுகிறவனாக ஆக்குவதுதான் அந்த இரண்டு வருஷத்தின் வேலை என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் 1960இல் பிறந்தேன். ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்குதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பிறகு ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, பிறகு கிள்ளானில் ஆங்கில வழி இடைநிலைப்பள்ளி. 1978இல், அந்தக் காலத்து ஐந்தாம் படிவத் தேர்வான எம்.சி.இ. எழுதினேன். தேறவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்விட்டு வந்து, மேரு சாலையில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் என்னைக் கொண்டுபோய் விட்டார். நாள் கூலி ஆறு வெள்ளி.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் காப்பார் மின்நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பிற்பாடு 2,420 மெகாவாட் வரை வளர்ந்த நிலையம். அதன் புகைபோக்கி உயர உயர, சுற்றிலும் தாமான் குடியிருப்புகளும் முளைத்தன. தவுக்கேக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஏழெட்டு வருஷத்தில் ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்ததும் எத்தனை சுருள் வயர் தேவை என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு முறை பன்னிரண்டு வரிசை வீடுகளுக்கு முழு வயரிங்கும் நான்தான் செய்தேன், கூட இரண்டு பையன்கள். சனிக்கிழமை ஒருவர் காரில் வந்தார். மெகர் என்ற சோதனைக் கருவியை வைத்துச் சோதித்தார். டி.பி. பெட்டியைத் திறந்து பார்த்தார். பன்னிரண்டு வீட்டுப் பாரங்களிலும் கையெழுத்துப் போட்டு, என் இரண்டு மாதக் கூலிக்குச் சமமான பணத்தை வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிட்டார். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. அவர் படித்த படிப்புக்கு அது கூலி. ஆனால் என் முகத்தில் என்னவோ தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் கடையை மூடும்போது தவுக்கே சொன்னார்: “லு பெகி பெலாஜார்.” நீ போய்ப் படி.

சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கே என்னை விட்டுவிடுவார். அந்த மணி நேரக் கூலியைப் பிடிக்க மாட்டார். கோலாலம்பூரில் அப்போது கிள்ளான் பஸ் ஸ்டாண்டு என்றே ஒரு பஸ் நிலையம் இருந்தது. அங்கே இறங்கி நடந்து, ஒரு கடைவீட்டு மாடியில் மாலை வகுப்பு. கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பும்போது தூங்கிவிட்டு இறங்குமிடம் தாண்டிப் போன ராத்திரிகள் உண்டு. 1988இல் ஒருமுனை மின்சாரத்துக்கு உரிமம் வாங்கினேன், 1991இல் மும்முனைக்கு. முதல் கையெழுத்தை அதே தவுக்கேயின் கடைப் பாரத்தில்தான் போட்டேன். தன் பேனாவைக் கொடுத்துப் போடச் சொன்னார்.

1994இல் கிள்ளானில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஆள் தேடியது. சம்பளம் வெளிவேலையில் கிடைப்பதைவிடக் குறைவு. மனைவி கணக்குப் போட்டுப் பார்த்து, “உங்களுக்கு இதுல ஒரு ஆசை இருக்குல்ல, போங்க” என்றாள். போனேன்.

வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோட்டத்திலிருந்து பெயர்ந்தவர்கள். ரப்பர் வெட்டிய இடத்தில் வீடு கட்டினார்கள், தொழிற்சாலை கட்டினார்கள். லயத்தில் இருந்த குடும்பங்கள் மலிவு அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் போயின. அப்பாவுக்குத் தெரிந்த தொழில் பால்மரம் சீவுவது. அது போய்விட்டது. பிள்ளைக்குத் தெரிந்தது எஸ்.பி.எம். தாளில் இருந்த எழுத்துகள். அவையும் உதவவில்லை. மாடிப்படி ஏறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் அந்தத் தகப்பன்மாரை நான் மறக்கவில்லை. “சார், இவன் படிப்புல மக்கு. கைவேலை ஏதாச்சும் கத்துக்குடுங்க” என்பார்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளையின் மண்டையிலிருந்து கழற்றவே எனக்கு முதல் மூன்று மாதம் போய்விடும்.

அதனால் முதல் நாள் நான் வயரைத் தொட விடுவதில்லை. ஒரு கதை சொல்வேன். இந்த நாட்டுக்கு முதன்முதலில் மின்சாரம் எங்கே வந்தது தெரியுமா? கோலாலம்பூர் அரண்மனைக்கா, வெள்ளைக்காரன் கிளப்புக்கா? 1894இல் ரவாங்கில் ஒரு ஈயச் சுரங்கத்துக்கு. சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க மின் பம்பு வைத்தவர்கள் இரண்டு பேர்: லோக் இயூ என்ற சீனர், தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழர். பத்துமலையில் வேல் நட்டுக் கோயில் கண்ட அதே தம்புசாமிப் பிள்ளை. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறாத பிள்ளை என் வகுப்பில் கிடையாது. ஆனால் இந்தச் செய்தியை அறிந்து வந்தவன் ஒருவன்கூட இல்லை. கதை முடிந்ததும் முதுகுகள் கொஞ்சம் நிமிரும். அதன் பிறகு ஸ்க்ரூட்ரைவரைக் கையில் கொடுப்பேன்.

முதல் வாரம் முழுக்க வயர் உரிப்பதுதான். மேலுறையைக் கத்தியால் வெட்டும்போது உள்ளே செம்பில் கீறல் விழக்கூடாது. கீறல் விழுந்த இடம் வளைக்கும்போது ஒடியும், அல்லது ஒடியாமல் நின்று பத்து வருஷம் கழித்துச் சூடேறும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் உயிருள்ளவை, கறுப்பு நியூட்ரல், பச்சை மண்ணுக்கு. பயிற்சிக்காகப் பலகையால் கட்டிய அறைகளில் ஒரு வீட்டின் வயரிங்கை முழுதாகச் செய்வார்கள். நான் சோதிப்பேன். பிறகு எல்லாவற்றையும் அவர்களே கழற்ற வேண்டும். கழற்றும்போது முகம் வாடும். செம்பு விலை அப்படி, ஒரே வயரை நாலு பேருக்குப் பயன்படுத்தியாக வேண்டும். ஆனால் கழற்றும்போதுதான் தன் தப்பை ஒருவன் தானே பார்க்கிறான் என்பதைப் போகப்போகத் தெரிந்துகொண்டேன். செம்பு மலிவாகக் கிடைத்திருந்தாலும் கழற்றத்தான் சொல்லியிருப்பேன்.

மின்கசிவுப் பாதுகாப்பு பிரேக்கரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் மாறிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். குளியலறை ஹீட்டர் போன்ற ஈரமான இடத்துக்குப் பத்து மில்லி ஆம்பியரில் விழ வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிக்கு முப்பது. மற்றவற்றுக்கு நூறு. இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. தெரிந்த ஆளைக் கூப்பிட்டு மலிவாக ஹீட்டர் மாட்டிய ஒரு வீட்டுக்கு, அதற்கு மூன்றாம் நாள் நான் போயிருக்கிறேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

பரீட்சை மலாயில். பாடம் நடத்தியது தமிழிலும் மலாயிலும். அரசாங்கத் தரநிர்ணயத்தில் ‘வோல்தான்’, ‘அரூஸ்’ என்று இருப்பதைப் பலகையில் எழுதிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் உயரம் மின்னழுத்தம், குழாயில் ஓடுவது மின்னோட்டம், குழாயின் இறுக்கம் தடை என்று தமிழில் சொல்வேன். ஐந்தாம் படிவம் வரை ஓம் விதி புரியாதவன் தொட்டியைக் கேட்டதும் புரிந்துகொண்டான். அவனுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? ஐந்து வருஷம் அவனுக்கு விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் மலாயை நான் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அந்த வார்த்தைகளை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வைத்தேன். பாரம் மலாயில்தானே இருக்கிறது.

1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. சாயங்கால வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மேல் விளக்கு அணைந்தது. பிள்ளைகள் எல்லோரும் பலகை அறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அவன்தான் எதையோ ஷார்ட் பண்ணிவிட்டான் என்று. அவனும் வெளிறிப்போய் நின்றான். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் எந்தக் கடையிலும் விளக்கில்லை. தீபகற்பம் முழுக்க மின்சாரம் போயிருந்தது. திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்துப் பக்கம் ஏற்பட்ட கோளாறு ஒவ்வொரு நிலையமாக இழுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. அன்று மின்சாரம் இல்லாமலே ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஒரு நிலையம் விழுந்தால் அதன் சுமை அடுத்ததின் மேல் ஏறும், அதுவும் தாங்காமல் விழும் என்று விளக்கினேன். பயந்து நின்ற பையன்தான் அன்று அதிகம் கேள்வி கேட்டான். பின்னாளில் அவன் ஒரு துணை மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

அடுத்த வருஷம் பொருளாதார நெருக்கடி. கட்டடங்கள் பாதியில் நின்றன, கிரேன்கள் அசையாமல் நின்றன. எங்கள் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருந்த கான்ட்ராக்டர்கள் தங்கள் ஆட்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில்தான் எங்கள் தொழிலின் உண்மையான கஷ்டத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் படிப்பை விடுவது பாடம் கஷ்டமாக இருப்பதால் இல்லை. வெள்ளிக்கிழமை கையில் காசு வேண்டும். தம்பி தங்கைகளுக்குப் பள்ளிச் செலவு, அப்பாவுக்கு வேலை போய்விட்டது, லோரி அட்டெண்டெண்ட் வேலைக்கு நாளைக்கே வரச் சொல்கிறான் ஒருத்தன். இரண்டு வருஷம் கழித்துக் கிடைக்கப்போகும் உரிமத்தைப் பற்றி அந்தப் பையனிடம் பேச எனக்கு என்ன இருந்தது?

வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். விட்டுப்போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஆறு வாரத்துக்குள் விடுகிறார்கள். ஆறு வாரம் தாண்டியவன் அநேகமாக முடிக்கிறான். அதற்குப் பிறகு என் உழைப்பில் பெரும்பங்கை அந்த ஆறு வாரத்துக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒருவன் வராவிட்டால் மூன்றாம் நாள் சாயங்காலம் என் மோட்டார் அவன் வீட்டு வாசலில் நிற்கும். காப்பார், மேரு, தாமான் செந்தோசா, போர்ட் கிள்ளான் என்று நான் போகாத அடுக்குமாடி இல்லை. திட்டப் போவதில்லை. உட்கார்ந்து தே ஓ குடித்துவிட்டு, “நாளைக்கு டூ-வே சுவிட்ச் சொல்லிக் குடுக்கப்போறேன், நீ வந்தா நல்லாருக்கும்” என்பேன். சனிக்கிழமைகளில் எனக்குத் தெரிந்த கான்ட்ராக்டர்களிடம் சம்பளத்தோடு வேலைக்கு அனுப்பினேன். அந்தக் காசுதான் அவர்களை வாரம் முழுக்க வகுப்பில் உட்கார வைத்தது. 2005இல் அரசாங்கம் இரட்டைப் பயிற்சி முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெரும்பகுதி வேலையிடத்தில், மீதி வகுப்பில். அதைப் படித்தபோது என் தவுக்கேதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இப்போது சொல்ல வேண்டியது சொல்லக் கஷ்டமானது.

கிள்ளானை விட்டு வேறொரு கல்லூரிக்குப் போய் மூன்று வருஷம் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். கடைவீட்டு மாடிதான், ஆனால் ஏர்கான், கண்ணாடிக் கதவு, டை கட்டிய மார்க்கெட்டிங் ஆட்கள். டிப்ளோமா என்றார்கள். அந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் வந்துவிடும், விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துச் சேர்த்தவர்கள் முப்பத்தொரு பேர். மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை கதவில் பூட்டு. அங்கீகாரம் வரவேயில்லை. பிள்ளைகளின் பெயரில் எடுத்த கல்விக் கடன் மட்டும் நின்றது. கடன் கொடுத்தவர்களுக்குக் கல்லூரி மூடியது ஒரு காரணமாகாது. ஓர் அம்மா என்னிடம் வந்து, “வாத்தியாரே, நீங்க சொன்னீங்கன்னுதானே” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேரை வேறு இடங்களில் சேர்க்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. மீதி ஒன்பது பேர் கைநழுவிப் போனார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பெற்றோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்தின் எண்ணைக் கேளுங்கள். டிப்ளோமா என்றால் எம்.கியூ.ஏ. என்ற தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் பாடம் இருக்க வேண்டும். திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டு இலாகாவின் பட்டியலில் அந்த நிலையமும், அந்தத் தொழிலும், அந்த நிலையும் மூன்றும் இருக்க வேண்டும். ஒரு நிலையத்துக்கு இரண்டாம் நிலை வரை அனுமதி இருக்கும், மூன்றாம் நிலைக்கு ஆள் சேர்ப்பார்கள். இன்று இவற்றைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். “விண்ணப்பித்திருக்கிறோம்” என்ற வார்த்தையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

2004இல் நண்பர்கள் மூவர் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியை எடுத்தோம். ஏன் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று பலர் கேட்டார்கள், வாடகை அதிகமாயிற்றே என்று. கே.எல். சென்ட்ரல் 2001இல் திறந்துவிட்டது. கிள்ளான் கொமுட்டர், ரவாங் கொமுட்டர், சிரம்பான் கொமுட்டர் எல்லாம் அங்கே வந்து சேரும். மோட்டார் இல்லாத பையன் ஒரே ரயிலில் வந்து இறங்கி நடந்து வந்துவிடலாம். எங்கள் தொழிலில் ரயில் நிலையம் பாதி வாத்தியார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பார்வையற்றோர் சங்கம் அங்கே 1950களிலிருந்து பயிற்சி கொடுத்து வருகிறது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் உடம்புபிடிக்கும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படி ஒன்றுக்கு மறுவயரிங் செய்ய நாலு பிள்ளைகளோடு போனேன். வேலை முடிந்ததும் நிலையத்துக்காரர் சுவரில் கை வைத்து ஒவ்வொரு சுவிட்சாகத் தடவிக்கொண்டு போனார். நான்காவதில் நின்று, “இது சாஞ்சிருக்கு தம்பி” என்றார். மட்டப்பலகை வைத்துப் பார்த்தோம். ஒரு நூல் சாய்ந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு விதி: மாட்டிய சுவிட்சைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்த பிறகுதான் என்னைக் கூப்பிட வேண்டும்.

திறன் சான்றிதழ் முறையில் எனக்குப் பிடித்த ஒரு வார்த்தை உண்டு. தேறியவனைத் ‘தெராம்பில்’ என்று எழுதுவோம். தேறாதவனைக் ‘காகால்’, தோல்வி, என்று எழுதுவதில்லை. ‘பெலும் தெராம்பில்’. இன்னும் தேறவில்லை. அந்த ‘பெலும்’, ‘இன்னும்’, எங்கள் பிள்ளைகள் பதினோரு வருஷப் பள்ளி வாழ்க்கையில் கேட்காத வார்த்தை. முதல் முறை அதைத் தாளில் பார்த்த பையன் ஒருவன், “அப்ப நான் ஃபெயில் இல்லையா சார்?” என்று கேட்டான். இல்லையடா, மறுபடியும் வா என்றேன். மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை தேறினான்.

ஒரு பெண்பிள்ளையும் வந்தாள், 2009இல். அவள் அம்மாவுக்குச் சம்மதமில்லை. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார் ஏணியும் சுத்தியலும்?” அவளுக்கு என் பதிலே தேவைப்படவில்லை. முதல் மாதத்திலேயே வீட்டில் பழுதாகிக் கிடந்த சீலிங் ஃபேனைச் சரிசெய்துவிட்டாள். அம்மா அந்தக் காற்றில் உட்கார்ந்து சமாதானமானார். இன்று அவள் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேன். அந்தப் பதவிக்கு அப்படித்தான் பெயர், பெண்ணாக இருந்தாலும்.

இந்த இரண்டு வருஷப் படிப்பு உலகத்தில் புதிதில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியெட் என்ற ஊரில் 1901இல் முதல் அரசு இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. வீட்டிலிருந்தே போய்க் குறைந்த செலவில் இரண்டு வருஷம் படிப்பது, விருப்பமிருந்தால் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. அந்த முறையின் இன்னொரு வடிவம் 1980களில் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கே வந்தது. இரண்டு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அமெரிக்காவில் என்று தனியார் கல்லூரிகள் நடத்தின. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வழியாக இருந்தது. ஏழைக்கென்று தொடங்கிய யோசனை அவன் வீட்டு வாசலுக்கு வர இங்கே இன்னும் இருபது வருஷம் ஆனது. தமிழ் பேசும் மண்ணிலும் இது உண்டு. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கத்தோலிக்கப் பேராயமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. சேவியர் அல்போன்ஸ் என்ற யேசு சபைப் பாதிரியார் அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். அங்கே தொழிலோடு வாழ்க்கைத் திறனும் ஒரு பாடம் என்று அறிந்தபோது, நான் மோட்டாரில் வீடு வீடாகப் போனதற்கும் ஒரு பாடத்திட்டம் உண்டென்று மகிழ்ந்தேன்.

நம் அரசாங்கம் 2001இல் சமூகக் கல்லூரிகளைத் தொடங்கியது. கோலெஜ் கொமுனிட்டி. முதலில் 12, இன்று நாடு முழுக்க நூற்றுக்கும் மேல். செலாயாங்கில் ஒன்று இருக்கிறது, பத்துமலையிலிருந்து பக்கம்தான். பாலிடெக்னிக்குகள் தனி, ஷா ஆலத்தில் ஒன்று உண்டு. கட்டணம் தனியார் கல்லூரியில் கட்டுவதில் மிகச் சிறிய பங்கு. ஷா ஆலத்தில் கேப்ரியல் சகோதரர்கள் நடத்தும் மொண்ட்ஃபோர்ட் நிலையம் வசதியற்ற பிள்ளைகளைத் தங்கவைத்தே தொழில் கற்றுக்கொடுக்கிறது. இவ்வளவும் கொமுட்டர் தூரத்தில் இருக்க, எங்கள் மாடிக்கு ஏன் வந்தீர்கள் என்று நான் பிள்ளைகளைக் கேட்பேன். “எங்களுக்குத் தெரியாது சார்” என்பார்கள். அரசுக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தை யூ.பி.யூ. இணையதளத்தில், மலாயில், குறிப்பிட்ட தேதிக்குள் செய்ய வேண்டும். எஸ்.பி.எம். முடிவு சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும் வாரத்தில்தான் அந்தத் தேதி ஓடிக்கொண்டிருக்கும். அழுகை ஓயும்போது இணையதளம் மூடிவிடும். அதன் பிறகு கண்ணாடிக் கதவு வைத்த மாடிகள் மட்டும் திறந்திருக்கும்.

நம் சமூகத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். மூன்று கிரெடிட்டோடு நிற்கிற தம்பியை ஒரு விண்ணப்பம் போடக்கூட உட்கார வைக்க மாட்டோம். திறன் சான்றிதழ் மூன்றாம் நிலையும் எஸ்.பி.எம்.மில் ஒரே ஒரு கிரெடிட்டும் இருந்தால் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்குப் போக வழி இருக்கிறது. என் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வழியில் மலாக்கா வரை போய்ப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஒருவன், “மக்கு” என்று அப்பா கொண்டுவந்து விட்டவன்.

2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வயரிங்கைத் திரையில் சொல்லிக் கொடுக்க என்னால் முடியவில்லை. வாடகை ஓடியது. வருஷக் கடைசியில் பலகை அறைகளைக் கழற்றி, மெகரையும் கருவிகளையும் இன்னொரு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டோம். வயது அறுபது ஆகியிருந்தது.

ஆனால் இன்றும் கிள்ளானில் தெங்கு கெலானா சாலைப் பக்கம் காலைச் சாப்பாட்டுக்குப் போனால், லோரியின் பின்னால் ஏணியோடு உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்க்கிறேன். எலக்ட்ரிக், ஏர்கான், வெல்டிங், பிளம்பிங். அவர்களைக் கூட்டிப் போகும் கான்ட்ராக்டர்களில் பலர் இப்போது நம்மவர்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன்.

தம்பி, உங்களிடம் ஐந்தாறு வருஷமாக வேலை செய்யும் பையனுக்குப் பள்ளிக்கூடம் போக நேரமில்லை என்றால், அனுபவத்தை மதிப்பிட்டே சான்றிதழ் கொடுக்கும் முறை திறன் மேம்பாட்டு இலாகாவில் இருக்கிறது. பி.பி.தி. என்பார்கள். செய்த வேலைகளின் படங்களும் சான்றுகளும் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்த்து, கேள்வி கேட்டு, தேறினால் சான்றிதழ். அந்தக் கோப்பில் உங்கள் கடிதம் வேண்டும், இந்தப் பையன் இந்த வேலையைச் செய்தான் என்று. அதை எழுதிக் கொடுங்கள். வயர்மேன் உரிமத்துக்கு எரிசக்தி ஆணையத்தின் தேர்வு தனி. அதற்குப் படிக்க வகுப்பு வேண்டும். அதற்குச் செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கு அவனை விடுங்கள். அந்த மணி நேரக் கூலியைப் பிடிக்காதீர்கள்.